சவுண்டு கேட்கச் சொல்பவர்

யெஸ்டிக்காரர் மைசூரின் எல்லாப் பேட்டைகளிலும் காணப்படுபவர். விஜயநகரில் தெருவுக்கு ஒருவர் உண்டு. பக்கத்து யாதவகிரிதான் இதற்குக் காரணம். செக்கோஸ்லோவாக்கியாவின் ஜாவா நிறுவனத்திடம் உரிமம் பெற்று ருஸ்தம் இரானியும் ஃபரோக் இரானியும் தொடங்கிய ஐடியல் ஜாவா மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை அங்கேதான் 1961-இல் திறக்கப்பட்டது. திறந்துவைத்தவர், மன்னராக இருந்து ஆளுநராகிவிட்ட ஜெயசாமராஜ உடையார். 1973 வாக்கில் ஜாவா என்ற பெயர் போய் யெஸ்டி வந்தது. 1996-இல் தொழிற்சாலையே போனது. யெஸ்டிக்காரர் போகவில்லை. தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், வேலை பார்த்தவரின் மைத்துனர், இன்டர்வியூவுக்குப் போய் வேலை கிடைக்காமல் திரும்பியவர் என்று அவரில் மூன்று பிரிவு உண்டு. மூன்றாம் பிரிவினருக்குத்தான் பக்தி அதிகம்.

வயது அறுபதுக்கு மேல் எழுபத்தைந்துக்குள். அடையாளம் காண்பது எளிது. விரல் நகங்களில் கிரீஸ் நிரந்தரமாகத் தங்கியிருக்கும். கல்யாண வீட்டுக்குப் பட்டு வேட்டியில் வந்தாலும் டூ டி ஆயில் வாசனை முன்னால் வரும். நடக்கும்போது இடது முழங்காலைச் சற்றுத் தாங்குவார். இந்த வண்டிக்குக் கிக்கர் இடப்பக்கம்.

அவரிடம் வண்டிகள் குறைந்தது இரண்டு இருக்கும். ஒன்று ரோட்டுக்கு, ஒன்று மோட்டோகிராஸ் என்னும் மண் பந்தயத்துக்கு. ரோட்டு வண்டிக்குப் புத்தகம், இன்ஷூரன்ஸ், பெட்டியில் ஒரு பிள்ளையார் படம் எல்லாம் உண்டு. மண் வண்டிக்கு மட்கார்டு கிடையாது, ஹெட்லைட் கிடையாது, பட்டன் டயர் உண்டு. இரண்டும் ரோட்கிங். 1978 முதல் தொழிற்சாலை மூடும்வரை வந்த மாடல் அது. 248.5 சிசி, 16 குதிரைத்திறன், ஏறக்குறைய 140 கிலோ. செக் நாட்டின் சி.இசட். மோட்டோகிராஸ் வண்டியின் வாரிசுதான் ரோட்கிங் என்பது யெஸ்டிக்காரரின் வேதம். அந்தச் சி.இசட். வண்டியில்தான் பெல்ஜியத்தின் ஜோயல் ரோபர்ட் 1964-இல் தம் இருபதாவது வயதில் 250 சிசி உலகப் பட்டம் வென்றார். இந்தத் தகவலைச் சொல்லும்போது யெஸ்டிக்காரரின் குரல் தாழும், ஜோயல் ரோபர்ட் அவருக்குப் பெரியப்பா மகன் என்பதுபோல.

அவருடைய தலையாய பழக்கம், பிறரைச் சவுண்டு கேட்கச் சொல்வது.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு மண் வண்டி வாசலுக்கு வரும். கியர் லீவரை உள்ளே அழுத்தி மேலே திருப்பினால் அதுவே கிக்கராகும். மைசூரில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த இந்த வசதி, எதிரே நிற்பவருக்கு ஒவ்வொரு வாரமும் விளக்கப்படும். பத்துப் பன்னிரண்டு உதைக்குப் பிறகு இன்ஜின் பிடித்துக்கொள்ளும். சிலிண்டர் ஒன்றுதான், சைலன்சர் இரண்டு. இரண்டுக்குள்ளும் இருந்த தடுப்புக் குழாய்களை 1985 வாக்கிலேயே அவர் கழற்றி எறிந்துவிட்டார். நீலப் புகை எழும்பி முதல் மாடியைத் தாண்டும் நேரத்தில், தெருவில் அகப்பட்டவரைக் கை தூக்கி நிறுத்துவார். ‘ஸ்வல்ப சவுண்டு கேளி சார்.’ தமிழர் என்று தெரிந்தால், ‘சார், கொஞ்சம் சவுண்டு கேளுங்க.’

நின்று கேட்டால் போதாது. குனிய வேண்டும். வலப்பக்க சைலன்சரில் ஒரு நிமிடம், இடப்பக்கத்தில் ஒரு நிமிடம், பிறகு இன்ஜினுக்கு நேராகக் காதைக் கொண்டுபோய் ஒரு நிமிடம். அதற்குப் பிறகு தீர்ப்பு சொல்ல வேண்டும். ‘நல்லா இருக்கு’ என்றால் சரியாகக் கேட்கவில்லை என்று பொருள், ஆகையால் முதலிலிருந்து. ‘ஏதோ தட்டுது’ என்றால் அன்றைய காலை தீர்ந்தது. இன்ஜின் அணைக்கப்படும், பக்கவாட்டு மூடி கழலும், பாயின்ட் இடைவெளியைச் சரிபார்க்கக் கேட்டவருடைய சட்டைப்பையிலிருந்தே விசிட்டிங் கார்டு வாங்கப்படும். திரும்பி வரும் கார்டில் பெயர் படிக்க முடியாது.

பால்காரர், பேப்பர் பையன், வாக்கிங் போகும் ஓய்வுபெற்ற பேராசிரியர், யோக நரசிம்ம சுவாமி கோயிலுக்குப் புறப்பட்ட தம்பதி என யாரும் தப்புவதில்லை. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் காப்பிக்கு முன்பே சவுண்டு கேட்டிருக்கிறார்கள். அடுப்படியில் குக்கர் மூன்றாவது விசிலுக்குத் தயாராகும்போது மனைவிக்கு அழைப்பு வரும். அவர் வாசலுக்கு வராமலே, ‘நேத்தைக்கு இருந்த மாதிரிதாங்க இருக்கு’ என்பார். நாற்பது ஆண்டுகளாக அந்த வீட்டில் தரப்படும் பதில் அது. யெஸ்டிக்காரர் அதை ஒருநாளும் ஏற்றதில்லை.

உள்ளூரில் காதுகள் தீர்ந்துபோனால் போன் இருக்கிறது. கோயம்புத்தூரில் இன்னொரு யெஸ்டிக்காரர் உண்டு. இவர் போனை சைலன்சர் அருகே பிடிப்பார். அவர் கேட்டுவிட்டு, ‘ஆயில் ஜாஸ்திங்க’ என்று சொல்லி, தம் வண்டியை உதைத்துத் தம் போனைத் தம் சைலன்சர் அருகே பிடிப்பார். மனிதர்கள் விலகி நிற்க, இரண்டு இன்ஜின்கள் கால்மணி நேரம் பேசிக்கொள்ளும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 30 மில்லி ஆயிலா, 40 மில்லியா என்ற விவகாரம் அப்போது கிளம்பும். இது இன்றுவரை தீரவில்லை. நட்புகள் முறிந்திருக்கின்றன.

இதற்கெல்லாம் காரணம் காது மருத்துவரிடம் இருக்கிறது. பேரிரைச்சலில் நெடுங்காலம் பழகிய காது ஒரேயடியாகச் செவிடாவதில்லை. முதலில் போவது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய உயர்ந்த ஒலிகள். தாழ்ந்த குரலும் ‘டுப் டுப்’ என்ற அடித்தாளமும் பல ஆண்டுகள் நன்றாகவே கேட்கும். பிஸ்டன் தட்டுகிறதா, பேரிங் கத்துகிறதா என்று காட்டிக்கொடுக்கும் மெல்லிய உலோகச் சத்தங்கள்தாம் விழாது. தடுப்பில்லாத இரண்டு சைலன்சர்களுக்கு நடுவே நாற்பது ஆண்டு உட்கார்ந்திருந்தவருக்கு, தம் இன்ஜினில் எது கெட்டிருக்கிறது என்று தம் காதால் அறிய வழியில்லை. அதை அவர் வாய்விட்டுச் சொல்லமாட்டார். தெருவைக் கூப்பிட்டுக் குனியவைப்பார். காதுக் கருவி வாங்கியாயிற்று. ஹெல்மெட்டுக்குள் அது கீச்சிடுவதால் அலமாரியில் இருக்கிறது.

இனி பந்தயம். பழைய பந்தயங்களைப் பொறுத்தவரை அவர் பெயரில் இருப்பவை பெரும்பாலும் அவர் சொன்னவை. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், போர்க்காலத்து விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்கள் புகழ்பெற்றவை. அங்கே ஓட்டியதாகச் சொல்லும் மைசூர்க்காரர்கள் எல்லோரும் உண்மையிலேயே ஓட்டியிருந்தால், பார்க்க ஆளே இருந்திருக்காது. தம் இன்ஜின் தலையில் சோமேந்தர் சிங் தம் கையாலேயே கீறல் போட்டுக் கொடுத்தார் என்பது அடுத்த செய்தி. சிலிண்டர் ஹெட்டில் போடும் அந்தக் கீறலுக்கு 2001-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற சோமேந்தர் சிங் மைசூர்க்காரர் என்பது உண்மை. மீதியைச் சரிபார்க்க ஹெட்டைக் கழற்ற வேண்டும், அதற்கு யெஸ்டிக்காரர் உடனே சம்மதிப்பார் என்பதால் யாரும் கேட்பதில்லை.

வெளிநாடுகளில் வயதானவர்கள் பழைய வண்டியில் மண் பந்தயம் ஓட்டுவது ஒழுங்கான விளையாட்டு. அமெரிக்காவில் பழைய பந்தய வண்டிகளுக்கென்றே ஆர்மா என்ற சங்கம் இருக்கிறது. ஐம்பது, அறுபது, எழுபது வயதைத் தாண்டியவர்களுக்குத் தனித்தனிப் பிரிவு வைத்திருக்கிறது. பி.எஸ்.ஏ. வண்டியில் 1964, 1965 ஆண்டுகளில் 500 சிசி உலகப் பட்டம் வென்ற ஜெஃப் ஸ்மித், பிற்காலத்தில் அதன் நிர்வாகத்துக்கே தலைமை வகித்தவர். அங்கே பழைய வண்டிப் பிரிவில் பின்சக்கரம் ஏறி இறங்கும் தூரம் 4 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. இன்றைய மோட்டோகிராஸ் வண்டிகளில் அது 12 அங்குலம்வரை போகும். இடைப்பட்ட 8 அங்குலத்தை ஓட்டுபவரின் முழங்காலும் இடுப்பும் ஈடுசெய்ய வேண்டும். எழுபது வயதில் அந்த இரண்டும்தான் முதலில் கைவிடுகின்றன.

நம் ஊரில் வயதுப் பிரிவு கிடைப்பது அரிது. யெஸ்டிக்காரர் பேரன் வயதுப் பையன்களோடுதான் நிற்க வேண்டும். வண்டி டெம்போவில் மைதானத்துக்குப் போகும். கொடி விழுந்ததும் முதல் திருப்பம்வரை அவர் முன்னால் இருப்பார், டூ ஸ்ட்ரோக்கின் இழுவை அப்படி. முதல் மேட்டில் ஏழாவது. இரண்டாம் சுற்றில் கடைசி. மூன்றாம் சுற்றில் வண்டி ஓரமாக நிற்கும், அவர் பக்கத்தில் குனிந்திருப்பார், கொடி பிடிக்க வந்த பையன் சவுண்டு கேட்டுக்கொண்டிருப்பான். விழுந்தால் எலும்பு மருத்துவர் ஆறு வாரம் என்பார். இவர் அதை மூன்று என்று எடுத்துக்கொள்வார். ஜூலை இரண்டாம் ஞாயிறு ஜாவா யெஸ்டி தினம். அதற்குள் கட்டுப் பிரிந்தாக வேண்டும்.

கடைசியாக, அண்டை வீட்டாரின் தரப்பு. டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் புதிய பெட்ரோல் உள்ளே வரும்போதே ஒரு பங்கு எரியாமல் ஆயிலோடு வெளியேறிவிடும். விஜயநகரில் அது மாடியில் காயும் துணிகளுக்கும் சமையலறைக்கும் போகிறது. இரவு ஷிப்ட் முடித்த நர்ஸ் அந்தத் தெருவில் இருக்கிறார். ஆஸ்துமாக்காரப் பெரியவர் இருக்கிறார். வாரத்தில் ஒருநாள் எட்டு மணிவரை தூங்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு. ஜோயல் ரோபர்ட்டைப் பார்த்தே இராத அவர்களுக்கு, அவர் பெயரால் ஆறு மணிக்கு எழ வேண்டிய கடமை எதுவும் இல்லை. பாசத்துக்குரிய மனிதர்தான், அதற்காகக் கைக்குழந்தை உள்ள வீட்டு ஜன்னலுக்கு நேரே ஆக்சிலேட்டரைத் திருகுவது சரியாகிவிடாது.

புகார் கொடுக்கலாம். கொடுத்தும் இருக்கிறார்கள். ஸ்டேஷனிலிருந்து ஏட்டு வந்தார். அவருடைய தகப்பனார் யாதவகிரியில் அசெம்பிளி பிரிவில் இருபது வருடம் வேலை பார்த்தவர். வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார், எந்த வருட மாடல் என்று கேட்டார், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வலப்பக்க சைலன்சர் அருகே குனிந்தார். டைமிங் கொஞ்சம் முன்னால் இருப்பதாக அவர் அபிப்பிராயம்.