ஆயில் அண்ணாச்சி

பாளையங்கோட்டையில் தெருவுக்கு ஓர் ஆயில் அண்ணாச்சி உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலை ஊரே கறிக்கடையில் நிற்க, இவர் சாரத்தை மடித்துக் கட்டி வாசலில் குத்தவைத்திருப்பார். எதிரே, எஞ்சின் ஆயில் மாற்றுவதற்காகச் சென்டர் ஸ்டாண்டில் பைக். பக்கத்தில் 17-ஆம் நம்பர் ஸ்பேனர், ஒரு லிட்டர் ஆயில் டப்பா, கிழிந்த பனியன், யோசனை சொல்ல நாலு பேர்.

"ஒர்க்‌ஷாப்புல விட்டா பழசையே வடிகட்டி ஊத்திருவான், பாத்துக்கிடும் வே!" கூலி மிச்சம் என்பதை மட்டும் அண்ணாச்சி வாய்விட்டுச் சொல்லமாட்டார்.

சூடான ஆயில்தான் சுத்தமாக வடியும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். உண்மைதான். அதற்காக வண்ணார்பேட்டை வரை வண்டியை விரட்டிவிட்டு வந்து, இறங்கிய கையோடு போல்ட்டைக் கழற்றுவார். பத்து நிமிஷம் ஆறவிடப் பொறுமை கிடையாது. கொதிக்கிற ஆயில் மணிக்கட்டு வழியாக இறங்கும். உதறிய வேகத்தில் முழங்கை சைலன்சரில் படும். போல்ட், ஆயில் பிடிக்க அடியில் வைத்த சட்டிக்குள் தொப்பென்று விழும். கனகபுஷ்பராக மோதிரத்தோடு கையை உள்ளே விட்டுத் துழாவுவார். சட்டி, வீட்டம்மா தேடிக்கொண்டிருக்கிற சட்டி.

கையுறை? "நான் என்ன ஆபரேசனா பண்ணுதேன்?" ஒருதரம் மகள் வற்புறுத்தி, கொரோனா காலத்து மிச்சத்தை மாட்டிவிட்டாள். அது ரப்பர் பால் கையுறை. ஆயில் பட்டதும் இளகிக் கிழிந்தது. எண்ணெய்க்குத் தாங்குவது நைட்ரைல் கையுறை, மருந்துக்கடையிலேயே கிடைக்கும். அண்ணாச்சியோ மொத்தக் கையுறைக் குலத்தையும் அன்றோடு தள்ளிவைத்துவிட்டார்.

அடுத்து அபிஷேகம். பெட்ரோல் குழாயைப் பிடுங்கி உள்ளங்கையில் ஊற்றித் தேய்ப்பார். அழுக்கு போகும். கூடவே தோலின் சொந்த எண்ணெய்ப் பசையும் போய், கை வறண்டு வெடிக்கும். பெட்ரோலில் இருக்கும் பென்சீன் தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். எஞ்சினில் ஓடிக் கறுத்த ஆயிலும் லேசுப்பட்டதல்ல. அதைத் திரும்பத் திரும்பத் தடவிய ஆய்வுகளில் எலிகளுக்குத் தோல் புற்று வந்திருக்கிறது. ஒரு ஞாயிறு பட்டதால் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் அண்ணாச்சிக்கு இது ஆயுட்காலத் தொண்டு.

மத்தியானம் கல்யாண வீடு. இலையில் அல்வா. நெய் சொட்டச் சொட்ட விரலால் வழிக்கும்போது நகக்கண்களில் கரும்பிறைகள் உதிக்கும். எதிர்ப்பந்திச் சம்பந்தியின் கண் அல்வாவில் இருக்காது.

இதற்கெல்லாம் வைத்தியம் வீட்டம்மாவிடம் இருக்கிறது. "கைய வைக்கதுக்கு முன்னால சோப்புக்கட்டிய நகத்தால பிராண்டிக்கிடுங்க. நகத்துக்குள்ள சோப்பு இருந்தா கரி எங்க போவும்? முடிஞ்சதும் தேங்கா எண்ணெயும் சீனியும் போட்டுத் தேய்ங்க, அப்புறம் பாத்திர சோப்பு. இட்லிப் பானைய மட்டும் தொட்டுராதிய!" அடுத்த வாரம் இதையே அண்ணாச்சி தன் கண்டுபிடிப்பாகத் தெருவுக்கு விளக்குவார்.

ஒன்றில் மட்டும் அவரை மன்னிப்பதற்கில்லை. சட்டியைத் தூக்கிக்கொண்டு பாளையங்கால்வாய்ப் பக்கம் நடப்பது. அது தாமிரபரணித் தண்ணீர், அண்ணாச்சி. அந்த ஆயில் 2016-ஆம் ஆண்டின் கழிவு மேலாண்மை விதிகளின்படி அபாயகரமான கழிவு. புது ஆயில் வந்த டப்பாவிலேயே ஊற்றி மூடி, நீங்கள் நம்பாத அந்த ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய்க் கொடுங்கள். அவர்கள் பீப்பாயில் சேர்த்துவைத்துப் பழைய ஆயில் வாங்குகிறவருக்குப் போடுவார்கள்.