பயணிகளின் கனிவான கவனத்திற்கு

பயணிகளின் கனிவான கவனத்திற்கு! மேலூர் பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் மாணவமணிகளே, உங்கள் பக்கத்தில் மஞ்சப்பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது லக்கேஜ் அல்ல. அது ஒரு பாட்டி. "இது மேலூர் போகுமாப்பா?" என்று மூன்றாம் தடவையாகக் கேட்கிறார். காதில் செருகியிருப்பதைக் கழற்றிப் பதில் சொன்னால் செவிப்பறை ஒன்றும் கிழிந்துவிடாது.

இடத்தின் பேரைக் கவனியுங்கள். மதுரை மாட்டுத்தாவணி. தாவணி என்றால் சந்தை. சந்தை போய், 1999-இல் பஸ் ஸ்டாண்டு வந்தது. பேர் மட்டும் மாடுகளோடு போகவில்லை. மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து வயசைக் கணிப்பார்கள், துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். கிழமாட்டையும் நாலு பேர் விலை கேட்பார்கள். இப்போது பெற்ற தாயை இறக்கிவிட்டு, "இங்கேயே இரும்மா, டிக்கெட் எடுத்துட்டு வந்துர்றேன்" என்று போகிற மகன்கள் உண்டு. டிக்கெட்டைப் பஸ்ஸுக்குள் கண்டக்டர்தான் கிழித்துத் தருவார் என்பது அவளுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தேதான் உட்கார்ந்திருப்பாள்.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2007-இன் மூத்த குடிமக்கள் சட்டப்படி, முதியவரை இப்படிக் கைவிட்டால் அதிகபட்சம் 3 மாதச் சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தையும் கொஞ்சம் புரட்டுங்கள். 18 ஆகாத பையன் பைக்கை ஓட்டிக் குற்றம் செய்தால், அவனிடம் சாவி கொடுத்த அப்பனுக்கு 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். ஆக, மகனிடம் வண்டியை விட்டால் 25,000. அம்மாவை ஸ்டாண்டில் விட்டால் 5,000. கணக்குத் தெரிந்தவர்கள் எதைச் செய்வார்கள் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

பிள்ளைகள் மேல் பழியைப் போடுவது சுலபம். ஆண்டுதோறும் ஜூன் 15-இல், முதியோர் கொடுமை எதிர்ப்பு நாள் என்று பள்ளிப் பிள்ளைகளை வெயிலில் நிற்கவைத்து, கையை நீட்டச் சொல்லி உறுதிமொழி வாங்குகிறோம். போட்டோவும் எடுத்தாகிவிடும். சாயங்காலம் அதே பிள்ளை தாத்தா கட்டிலில் போய் உட்கார்ந்தால், "டென்த் படிக்கிறவன், அவன்கிட்டப் பேச்சுக் குடுக்காதீங்க மாமா" என்று கிழவருக்குத்தான் வசவு. பதினைந்து வயசுவரை கிழவர் பக்கம் அண்டவிடாமல் காவல் காத்தவர்கள் நாம். பிறகு, "இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பெரியவங்க மேல மரியாதையே இல்ல" என்று புலம்புகிறவர்களும் நாமே. என்ன நெஞ்சழுத்தம்!

வீட்டில் மார்க் கேட்காத ஒரே பெரிய மனுஷர் தாத்தாதான். மாத்திரை போட்டாச்சா, சுகர் எவ்வளவு என்று நச்சரிக்காத ஒரே ஆள் பேரன்தான். இருவருக்கும் மூச்சுவிட ஒரு இடம். திண்ணை இருந்த காலத்தில் அதற்குச் சல்லிக்காசு செலவில்லை. திண்ணையை இடித்து கார் நிறுத்தினோம்.

நெதர்லாந்தில் டெவெந்தர் என்றொரு ஊர். அங்கே ஹியூமானிட்டாஸ் முதியோர் இல்லம் 2012-இலிருந்து கல்லூரி மாணவர்களை வாடகையில்லாமல் தங்கவைக்கிறது. பதிலுக்கு மாதம் 30 மணி நேரம் பெரியவர்களுக்கு நல்ல அண்டைவீட்டுக்காரராக இருக்கவேண்டும். வெள்ளைக்காரன் அறை கொடுத்து வாங்குகிறதை நாம் டியூஷன் ஃபீஸ் கட்டி ஒழிக்கிறோம்.

இன்னொன்று, "யோவ் பெருசு, தள்ளு" என்கிற தம்பிக்கு. அமெரிக்காவின் ஒகாயோவில் 50 வயதைத் தாண்டிய 660 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து, 2002-இல் பெக்கா லெவி குழு ஒரு முடிவை வெளியிட்டது. தங்கள் முதுமையை நல்லவிதமாக நினைத்தவர்கள் மற்றவர்களைவிட 7.5 ஆண்டு கூடுதலாக வாழ்ந்தார்களாம். நீ தள்ளுவது தாத்தாவை மட்டுமில்லை ராசா.

பயணிகளின் கனிவான கவனத்திற்கு! சுமார் 75 வயது மூதாட்டி ஒருவர் தனியே இருக்கிறார். ஊர் பேர் சொல்லத் தெரியவில்லை. பேரன் பேரை மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறார். உரியவர்கள் வந்து அழைத்துச் செல்லலாம். பேரனை அனுப்புவதானால் தயவுசெய்து பைக்கில் அனுப்பாதீர்கள். அபராதம் அதிகம்.