லேபிளுக்கு அடங்காத கழுகு

பால்டிமோர்,
நவம்பர் கடைசி ஞாயிறு.

அன்புள்ள மாப்ளைக்கு,

தீபாவளிச் சரக்கு போய்ச் சேர்ந்து, வசூலுக்கு அலைகிற நேரத்திலேயே உனக்கு அடுத்த வருஷப் பட்டாசுப் பெட்டி லேபிள் யோசனை வந்துவிட்டது. "ஒரிஜினல் அமெரிக்கக் கழுகு, கோபமா கத்தணும், றெக்கை விரிச்சிருக்கணும், பின்னாடி ராக்கெட் போக இடம் விடணும்" என்று வாட்ஸ்அப்பில் ஆர்டர் போட்டிருக்கிறாய். கழுகென்ன, உங்கள் அச்சாபீஸுக்குப் போஸ் கொடுக்க வந்த நடிகையா?

ஆனாலும் போனோம். மேரிலாண்டில் சஸ்குவஹானா ஆற்றின் குறுக்கே கனோவிங்கோ என்றொரு அணை, 1928-இல் கட்டி முடித்தது. நவம்பரில் வெண்தலைக் கழுகுகள் அங்கே கூட்டமாக வந்து இறங்கும். டர்பைன் ஓடப்போகிறது என்றால் சைரன் ஊதுவார்கள். தண்ணீரோடு டர்பைனுக்குள் புகுந்த மீன்கள் அடிபட்டு, மயங்கி, அந்தப் பக்கம் மிதந்து வரும். அதை நோகாமல் பொறுக்கத்தான் பறவை ராஜா பாறையிலும் மின்கம்பத்திலும் உட்கார்ந்து காத்திருக்கிறார். சைரன் கேட்டால் கழுகுக்கு முன்னால் கரையில் இருக்கிற மனுஷர்கள்தான் எழுந்து நிற்கிறார்கள். ஆளுக்கொரு கை நீளத்துக்கு லென்ஸ். அதன் விலைக்கு நம்ம ஊரில் சின்னதாக ஒரு மனை வாங்கலாம்.

அங்கே காரை நிறுத்துவதே ஒரு கலை. கறுப்புப் பிணந்தின்னிக் கழுகுகளுக்கு ரப்பர் என்றால் உயிர். வைப்பர், ஜன்னலோர ரப்பர் எல்லாவற்றையும் பிய்த்துவிடும். தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்டியிருந்த கார்களைப் பார்த்ததும், உன் அக்கா டிக்கியில் கிடந்த பழைய பெட்ஷீட்டைப் போர்த்திவிட்டுத்தான் ஆற்றுப் பக்கமே வந்தாள்.

இனி அடையாளம். வெள்ளைத் தலையை மட்டும் தேடாதே. தலையும் வாலும் வெளுக்க நாலைந்து வருஷம் ஆகும். அதுவரை உடம்பெல்லாம் பழுப்பு, சிறகுக்கடியில் அங்கங்கே வெள்ளைத் திட்டு. நம்ம கண்மாய்க்கு மேலே சுற்றுகிற கருடனும் இளசில் பழுப்புதான். கள்ளப்பருந்து என்று நினைத்து அத்தை கோழிக்குஞ்சுமேல் கூடையைக் கவிழ்ப்பார்கள். வாலைப் பார்த்தால் தெரியும்: பருந்துக்கு நடுவில் பிளந்திருக்கும், கருடனுக்கு வட்டமாக முடியும். இந்தக் கழுகும் நம்ம கருடனுக்குச் சொந்தக்காரன்தான். தூரத்தில் பறந்தால் சிறகைப் பார்க்க வேண்டும். கழுகு இரண்டையும் மட்டமாக நீட்டி, ஆடாமல் போகும். இங்கே எங்கும் சுற்றுகிற செந்தலைப் பிணந்தின்னி சிறகை மேலே தூக்கி வைத்துக்கொண்டு தள்ளாடும். கழுகுக்குத் தலை நன்றாக முன்னால் துருத்தியிருக்கும். பிணந்தின்னிக்கு அது இருக்கிறதா என்றே தேட வேண்டும். ஜோடியில் பெட்டைதான் பெரிசு. உன் அக்காவுக்கு இதில் பரம திருப்தி.

உங்கள் ஆர்ட்டிஸ்ட் வரைந்து அனுப்பிய மாதிரியில் விரல் வரை காலை இறகு மூடியிருக்கிறது. அது பொன்கழுகின் கால். வெண்தலைக்கு மஞ்சள் நிறத்தில் வெறுங்கால். தலை ஒரு பறவை, கால் இன்னொரு பறவை என்று பெட்டி அடித்துவிடாதே.

கோபமாகக் கத்தணும் என்றாயே, அதுதான் கஷ்டம். இது வாயைத் திறந்தால் கீச்சுக்குரல். பத்தாயிரம் வாலா என்று திரியைக் கொளுத்த, நமுத்துப்போய்ப் புஸ்ஸென்று அடங்கினால் எப்படி இருக்கும், அப்படி. சினிமாவில் நீ கேட்ட வீர முழக்கம் செவ்வால் பருந்து கொடுத்த டப்பிங். நடத்தையும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. ஒன்று மீனைத் தூக்கியதும் நாலு துரத்தின. இழுபறியில் மீன் ஆற்றில் விழ, ஒரு கடற்காகம் கொத்திக்கொண்டு போய்விட்டது. விராலடிப்பான் பிடித்த மீனை இது பறித்துத் தின்கிறது, யோக்கியமாகப் பிழைக்கத் தெரியாத பறவை என்று பெஞ்சமின் பிராங்க்ளின் 1784-லேயே மகளுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். 1782 முதல் அரசு முத்திரையில் உட்கார்ந்திருந்தாலும், தேசியப் பறவை என்று சட்டம் போட்டது 2024 டிசம்பரில்தான். அரசாங்க ஃபைல் எல்லா ஊரிலும் ஒரே வேகம்.

பாறை இடுக்கில் ஓர் இறகு கிடந்தது. உன் மருமகள் எடுக்கக் கை நீட்டியதும் பக்கத்திலிருந்த பெரியவர் பதறிவிட்டார். 1940-இல் வந்த சட்டப்படி கீழே கிடக்கும் இறகைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. அபராதமும் உண்டு, ஜெயிலும் உண்டு. உங்கள் வெடிமருந்து குடோன் லைசென்ஸே தேவலாம்.

இந்தக் கெடுபிடிக்குக் காரணம் இருக்கிறது. மலேரியாக்காரர்கள் வீட்டுச் சுவரில் அடித்துவிட்டுத் தேதி எழுதிப் போவார்களே, அந்த டிடிடியை இங்கே வயலெங்கும் அடித்தார்கள். அது மீன் வழியாகக் கழுகுக்குப் போய், முட்டை ஓடு மெலிந்து, அடைகாக்க உட்கார்ந்தாலே உடைந்தது. அலாஸ்கா நீங்கலான பெருநிலத்தில் 1963-இல் மிஞ்சியவை 417 ஜோடி. 1972-இல் டிடிடிக்குத் தடை வந்தது. 2019 கணக்கெடுப்பில் 71 ஆயிரம் ஜோடிக்கு மேல். இவ்வளவு பாடுபட்டு மீட்டதை ஓர் இறகுகூடக் குறையாமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

கடைசியாக, உன் தொழிலுக்கு ஆகாத சேதி. கழுகு கூடு கட்டியிருக்கும் காலத்தில் அரை மைலுக்குள் பெரிய வாணவேடிக்கை வேண்டாம் என்று இங்கே அரசு வழிகாட்டு விதியே எழுதி வைத்திருக்கிறது. ஜூலை நாலாம் தேதி இந்த நாட்டில் வெடிப்பது பெரும்பாலும் சீனச் சரக்கு. அதில் குறைந்தால் உனக்கென்ன என்பாய். ஆனால் வேட்டங்குடி சரணாலயத்துப் பறவைகளுக்காகக் கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடியே போடுவதில்லை. வனத்துறை அவர்களுக்கு இனிப்பு கொடுக்கிறது. சிவகங்கைச் சீமையில் ஓர் ஊர் உங்கள் விற்பனைக் கணக்கில் வரவே வராது. இந்தப் பாராவை மட்டும் மாமாவுக்குப் படித்துக் காட்டாதே. சிவகாசிக்காரனுக்குப் பெண்ணைக் கொடுத்தால் வெடிக்கு எதிராகப் பேசுகிறான் என்று அடுத்த ஃபோனில் பிடித்துக்கொள்வார்.

போட்டோக்கள் தனியாக வருகின்றன. எதிலும் வாய் திறந்திருக்காது. மீன் கவ்வியிருக்கிறது.

அன்புடன்,
அத்தான்