டயோடு அதிகாரம்: போக்குவரவு இயல்

இருதலை யுடைய ஒருவழிப் பாதையில்
செல்வது மீளும்; மீள்வது செல்லும்;
இடையில் நிற்றல் இலக்கணம் அன்றே.

இச்சூத்திரம் என்னுதலிற்றோ எனின், மேசைமேல் ஓடும் மாதிரி ரயில் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போய், யாரும் கைவைக்காமல் திரும்பி வருவதன் பொது இலக்கணம் உணர்த்துதல் நுதலிற்று. ‘இருதலை’ என்றதனால் வட்டப் பாதை விலக்கப்பட்டது. வட்டத்தில் ஓடும் ரயிலுக்கு ஆய்வு தேவையில்லை. சுவிட்சைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகலாம். ‘யாரும் கைவைக்காமல்’ என்பது நூற்பாவில் இல்லையே எனின், வருவித்து உரைக்க. ‘அன்றே’ என்பதன் ஏகாரம் தேற்றம் என்பாரும் ஈற்றசை என்பாரும் உளர். ரயில் நடுவழியில் நின்ற அனுபவம் உடையோர் எல்லோரும் தேற்றம் என்பர்.

நூற்பா செய்தவரும் உரை எழுதியவரும் ஒருவரே. ஆகவே மூலத்துக்கும் உரைக்கும் முரண்பாடு அதிகம் இராது. இருந்தால் பாடபேதம் என்று கொள்க.

ஆய்வுக் களமாக இங்கிலாந்தில் பரவலாக உள்ள ஓஓ அளவை எடுத்துக்கொண்டோம். அதாவது நிஜத்தில் 76-இல் ஒரு பங்கு. தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். பெட்டியின் வண்ணம் ஒரு சாயல் மாறினாலும் பொறுக்காத அங்குள்ள மாதிரி ரயில்காரர்கள், 1435 மில்லிமீட்டர் அகலமுள்ள நிஜப் பாதையை 76-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 19 வரவேண்டும் என்பதை மட்டும் தலைமுறை தலைமுறையாகக் கண்டுகொள்வதில்லை. ஐரோப்பாவின் ஹெச்ஓ அளவு, 1:87, அந்த 16.5-க்குச் சரியாகப் பொருந்தும். ஆனால் பிரிட்டிஷ் என்ஜின்கள் நிஜத்திலேயே சிறிய உடம்புக்காரர்கள். 1:87-இல் செய்தால் அக்காலத்து மோட்டார் உள்ளே நுழையவில்லை. உடம்பைப் பெரிதாக்கிக்கொண்டு காலை அப்படியே விட்டுவிட்டார்கள். இதற்கும் நம் ஆய்வுக்கும் தொடர்பில்லை. ஆயினும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

இந்த ரயில்களுக்கு 12 வோல்ட் டி.சி. மின்சாரம். ஒரு தண்டவாளம் பிளஸ், மற்றது மைனஸ். இரண்டையும் மாற்றினால் வண்டி எதிர்த்திசையில் போகும். இது எல்லோரும் அறிந்தது. பலர் கவனிக்காதது ஒன்று உண்டு. கிழக்கே போய்க்கொண்டிருந்த என்ஜினைக் கையில் எடுத்து, முகத்தை மேற்கே திருப்பி வைத்துப் பாருங்கள். அது மறுபடியும் கிழக்கேதான் போகும், பின்பக்கமாக. சக்கரங்கள் தண்டவாளம் மாறி நிற்பதால் மோட்டாருக்குப் போகும் மின்சாரம் தலைகீழாகிறது. என்ஜினும் தலைகீழாக நிற்கிறது. இரண்டு தலைகீழும் ஒன்றையொன்று அடித்துவிடுகின்றன. ஆகவே இங்கே திசை என்பது தண்டவாளத்தின் குணமேயன்றி என்ஜினின் குணம் அன்று. பிற்காலத்து டி.சி.சி. என்னும் டிஜிட்டல் முறையில் கட்டளை நேராக என்ஜினுக்குள் இருக்கும் டீகோடருக்குப் போகும். அங்கே திசை என்ஜினின் குணம். நம் பழைய தார்க்கிகர்கள் இதைக் கேள்விப்பட்டிருந்தால் இன்னும் முந்நூறு ஆண்டுகள் வாதிட்டிருப்பார்கள்.

எனவே போக்குவரவைத் தானியங்கியாக்குவதற்கு ரயிலுக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. வேளை பார்த்துத் தண்டவாளத்தின் பிளஸ் மைனஸை மாற்றினால் போதும். குறுக்காக வயர் இழுத்த ஒரு ரிலே அதைச் செய்துவிடும். சிக்கல் கோடியில் இருக்கிறது. ரிலே மாறும்வரை வண்டி அங்கே நிற்க வேண்டும். ஓடவைக்க எல்லோராலும் முடியும்; நிறுத்துவதில்தான் சமயங்கள் பிரிகின்றன.

பிறர் மதத்தை மறுத்தபின் தன் மதத்தை நிறுவுவது நம் சாத்திர மரபு. ஆதலால் முதலில் பரபக்கம்.

முட்டு வாதிகள் மிகப் பழையோர். அமெரிக்காவின் லயனல் நிறுவனம் 1955-இல் எண் 60 என்ற சிறு டிராம் வண்டியை வெளியிட்டது. அது பாதை முடிவில் உள்ள முட்டுக்கட்டையில் போய் இடிக்கும். இடித்த வேகத்தில் உள்ளே ஒரு சுவிட்ச் நகரும். வண்டி வந்தவழியே திரும்பும். இடிபடாமல் யாருக்கும் புத்தி வராது என்பது இவர்கள் கொள்கை. உலக அனுபவத்தை வைத்து இதை முழுக்க மறுக்க முடியவில்லை. ஆனால் கோடியில் ஒரு நொடிகூட நிற்காமல் திரும்புகிற வண்டியில் இறங்குவோர் எப்படி இறங்குவர், ஏறுவோர் எப்படி ஏறுவர் என்று கேட்டால் இவர்களிடம் விடை இல்லை.

அடுத்து உணர்வி வாதிகள். வண்டி இருக்குமிடம் தெரிந்தால்தான் நிறுத்த முடியும் என்பர். இவர்களின் ஆதிக் கருவி ரீட் சுவிட்ச், 1936-இல் பெல் ஆய்வகத்தின் வால்டர் எல்வுட் உருவாக்கியது. கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு மெல்லிய தகடுகள். என்ஜின் வயிற்றில் ஒட்டிய காந்தம் மேலே வந்ததும் அவை ஒட்டிக்கொள்ளும். பாதையில் சிந்திக்கிடக்கும் சிற்றாணிகளும் அதே காந்தத்தோடு ஒட்டிக்கொள்ளும். அது வேறு கதை. காந்தம் பிடிக்காதோர் அகச்சிவப்புக் கதிர் வைப்பர். சாயங்கால வெயில் ஜன்னல் வழியே உணர்வியின் கண்ணில் விழும்வரை அது நன்றாகவே வேலை செய்யும். உணர்வி ஒரே ஒருமுறை வண்டியைக் கவனிக்கத் தவறினால் என்ன ஆகும் என்பதே நம் கேள்வி. வண்டி நிற்காது. மேசையின் உயரம் எவ்வளவு என்பது அப்போது தெரியவரும்.

மூன்றாமவர் நிரல் வாதிகள். 2005-இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் பிறந்த ஆர்டுயினோ பலகை இவர்கள் கைக்கு வந்ததிலிருந்து அடக்கமுடியவில்லை. இவர்கள் வண்டி மெல்ல வேகம் குறைந்து, நிலையத்தில் அலுங்காமல் நிற்கும். அழகுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் இம்மரபின் முன்னோர் வரலாற்றைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1946-இல் மாதிரி ரயில் மன்றம் ஒன்று தோன்றியது. அதில் ஒரு சாரார் மேசைக்கு மேலே மரமும் மலையும் செய்ய, இன்னொரு சாரார் மேசைக்கு அடியில் தொலைபேசி நிலையத்து ரிலேக்களைக் கோர்த்துக்கொண்டிருந்தனர். அடியில் இருந்தோரில் சிலர் பின்னர் கல்லூரியின் கணினியைக் கண்டனர். ஹேக்கர் என்ற இனமே அங்கிருந்து கிளைத்தது என்பர். ரயிலுக்காகப் புறப்பட்டுக் கணினிக்குப் போனவர்களில் பலர் ரயிலுக்குத் திரும்பவில்லை. ‘செல்வது மீளும்’ என்ற நம் முதல் நூற்பாவுக்கு இது விலக்கு.

நிஜ ரயிலிலும் ஒரு சான்று உண்டு. நியூயார்க்கில் டைம்ஸ் சதுக்கத்துக்கும் கிராண்ட் சென்ட்ரலுக்கும் இடையே மட்டும் போய்வரும் 42-ஆம் தெருச் சுரங்க ரயிலை 1962 ஜனவரியில் தானியங்கியாக ஓட்டிப் பார்த்தார்கள். தொழிற்சங்கத்துடன் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி ஓட்டுநர் ஒருவர் உடன் பயணம் செய்தார். சும்மா இருத்தல் என்னும் அரிய பதவிக்குச் சம்பளம் கொடுத்த ரயில் அது. 1964 ஏப்ரலில் நிகழ்ந்த தீ விபத்தில் அந்த வண்டி அழிந்தது. தீக்கும் தானியங்கிக்கும் தொடர்பு உண்டு என்று யாம் கூறவில்லை.

இனிச் சுபக்கம்.

வருவதைத் தடுத்துப் போவதை விடூஉம்
இருமுனைப் பொருளே டயோடெனப் படுமே.

பாதையின் ஒவ்வொரு கோடியிலும் ஒரு பக்கத் தண்டவாளத்தை மட்டும் அறுத்து, அந்த வெட்டுக்கு இருபுறமும் கால் வைக்குமாறு ஒரு டயோடைச் சால்டர் செய்ய வேண்டும். டயோடு மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும். கோடியை நோக்கி வரும் வண்டி வெட்டைத் தாண்டியதும் அதற்கு மின்சாரம் கிடையாது, நின்றுவிடும். ரிலே பிளஸ் மைனஸை மாற்றியதும் அதே டயோடு வழிவிடும், வண்டி புறப்படும். அவ்வளவே. ஒரு ஆம்பியர் தாங்கும் 1என்4001 பெரும்பாலும் போதும்; என்ஜின் முரடாக இருந்தால் மூன்று ஆம்பியர் தாங்கும் 1என்5401. விலை சில ரூபாய்.

இரு கோடியிலும் ஒரே தண்டவாளத்தை அறுத்திருந்தால், இரண்டு டயோடுகளின் வெள்ளிக் கோடும் ஒரே திசையைப் பார்க்க வேண்டும். புதியவர்கள் இதை நம்புவதில்லை. எதிரெதிர்க் கோடிகள் ஆயிற்றே, டயோடுகளும் எதிரெதிராகத்தானே இருக்க வேண்டும் என்று அழகுணர்ச்சியால் ஏமாறுவர். தலைகீழாகப் போட்ட கோடியில் வண்டி முழு வேகத்தில் முட்டுக்கட்டையில் போய் நிற்கும். ரிலே மாறிய பிறகு நகரவே நகராது. வரவேற்பு அமோகம், வழியனுப்புதல் இல்லை.

இம்முறையின் மேன்மை யாதெனில், இதில் யாருக்கும் எதுவும் தெரியாது. வண்டி எங்கே இருக்கிறது என்று டயோடுக்குத் தெரியாது. ரிலேக்கும் தெரியாது. வண்டி முன்கூட்டியே வந்தால் நின்று காத்திருக்கும். என்ஜினை மாற்றி வேகமான ஒன்றை வைத்தாலும் எதையும் திருத்த வேண்டியதில்லை. அறிய வேண்டியது இல்லாத இடத்தில் தவறாக அறிவதற்கும் வழியில்லை. பரபக்கத்தார் மூவரும் வண்டியைப் பற்றி மேலும் மேலும் அறிய முயன்றார்கள். தெரிந்துகொண்ட ஒவ்வொன்றும் கெட்டுப்போக ஒரு புதிய இடமாயிற்று.

வெட்டை எங்கே போடுவது என்பதில் உரையாசிரியர் சற்று நின்றாக வேண்டும். என்ஜின் முன்னால் வரும் கோடியில், முட்டுக்கட்டையிலிருந்து என்ஜின் நீளத்துக்கும் கொஞ்சம் கூடுதலாக விட்டு வெட்டினால் போதும். மறுகோடிக்கு வரும்போது அதே என்ஜின் பின்னால் இருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வருகிறது. அங்கே வெட்டைத் தாண்டிப் பெட்டிகள் போய்க்கொண்டே இருக்கும். மின்சாரம் வாங்குவது என்ஜின் மட்டும் ஆதலால், அது வெட்டை அடையும்வரை எதுவும் நிற்காது. ஆகவே அந்தக் கோடியில் முழு வண்டியின் நீளமும் விட வேண்டும். இரு கோடியையும் ஒரே அளவில் வெட்டியவர்களின் முதல் பெட்டி சுவரைப் பார்த்துவிடும். பெட்டிக்குள் விளக்கு எரிய வேண்டும் என்று அதன் சக்கரங்களிலும் மின்சாரம் எடுப்பவர்கள், என்ஜின் முன்னால் வரும் கோடியில் இன்னும் சற்று நீளம் விடுக. அந்தப் பெட்டி வெட்டின்மேல் நிற்கும் நேரத்தில், டயோடு தடுத்ததை அதுவே பாலமாகி உள்ளே கொடுத்துவிடும்.

என்ஜின் பின்னால் இருந்து தள்ளுவது இயற்கைக்கு மாறு என்று ஆட்சேபிப்பார் உளர். இங்கிலாந்தின் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே, கிளைப் பாதைகளில் ஆட்டோ டிரெயின் என்ற பெயரில் இதையே செய்தது. எதிர்முனைப் பெட்டியில் ஓட்டுநருக்கு ஓர் அறை. நீராவி என்ஜின் பின்னால் இருந்து தள்ளும். அவ்வளவு தூரம் போவானேன்? மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் நீலகிரி மலை ரயிலில் என்ஜின் எப்போதும் பள்ளத்துப் பக்கமே நிற்கிறது. ஏறும்போது தள்ளும், இறங்கும்போது முன்னால் நின்று தாங்கும்.

மீட்சிக் காலம் செலவினும் குறுகின்
ஊர்முகம் காணாது திரும்பும் ரயிலே.

ரிலே மாறுவதற்குள் வண்டி கோடியை அடைந்திருக்க வேண்டும் என்பது இதன் கருத்து. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தை 76-ஆல் வகுத்தால் நொடிக்கு ஏறத்தாழ 22 சென்டிமீட்டர். இரண்டு மீட்டர் பாதையைக் கடக்க ஒன்பது நொடி. ரிலேயை எட்டு நொடிக்கு வைத்தவரின் வண்டி மறுகோடி ஊரைக் காணாமலே ஊசலாடிக்கொண்டிருக்கும்.

கோடியில் எவ்வளவு நேரம் நிற்கலாம் எனின், அளவு வாதிகள் நேரத்தையும் 76-ஆல் வகுக்கச் சொல்வர். நிஜத்தில் பத்து நிமிடம் நிற்கும் வண்டி மேசையில் சுமார் எட்டு நொடி நிற்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. வேகத்தை ஏற்கெனவே வகுத்தாயிற்றே, காலத்தையும் வகுத்தால் அதே கடனை இரண்டு முறை கட்டியதாகாதா என்பது எதிர்வாதம். இரண்டும் முடிவுக்கு வராதவை. பார்ப்பவருக்கு அலுக்காமல் இருந்தால் போதும் என்பது உரைகாரர் துணிபு.

நேரத்தை அளக்க 555 என்ற சில்லு. 1971-இல் சிக்னெட்டிக்ஸ் நிறுவனத்துக்காக ஹான்ஸ் காமன்சிண்ட் வடிவமைத்தது. இதன் வழக்கமான சுற்றில் ஒரு வேடிக்கை உண்டு. கெப்பாசிட்டர் நிரம்பும்போது மின்சாரம் இரண்டு ரெசிஸ்டர்கள் வழியே வருகிறது. வடியும்போது ஒன்றின் வழியே மட்டும் போகிறது. ஆகவே ஒரு பாதிப்பொழுது மற்றதைவிட எப்போதும் நீளம். 100 கிலோ ஓம், 1 மெகா ஓம், 47 மைக்ரோஃபேரட் என்று வைத்தால் ஒரு பக்கம் 36 நொடி, மறுபக்கம் 32 நொடிக்குச் சற்று மேல். எந்த ஊர் எந்தப் பக்கம் அமைகிறதோ அதைப் பொறுத்து, ஓர் ஊருக்கு ரயில்வே ஓரவஞ்சனை செய்கிறது என்ற புகார் மேசைமேலும் எழலாம். பரிகாரம் என்ன? பெரிய ரெசிஸ்டருக்குக் குறுக்கே ஒரு டயோடைப் போட்டு, இரு ரெசிஸ்டர்களையும் சமமாக்கினால் ஏறத்தாழ நியாயம் கிடைத்துவிடும். இங்கும் டயோடே வந்து நின்றது என்பதைக் குறித்துக்கொள்க.

டிஜிட்டல் மதத்தாரின் கோட்டைக்குள்ளும் இதே கதைதான். டி.சி.சி. முறைக்கு அடித்தளம் இட்ட ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் ஏபிசி என்றொரு நிறுத்தும் வித்தையைத் தந்தது. நிலையத்துத் தண்டவாளத்துக்குப் போகும் வழியில் ஒரு திசையில் சில டயோடுகளை வரிசையாகவும், எதிர்த்திசையில் ஒன்றையும் வைக்கிறார்கள். அதனால் மின் அலையின் இரு பாதிகளும் உயரத்தில் சற்றே ஏறுமாறாகும். டீகோடர் அதை உணர்ந்து மெல்ல நிறுத்தும். விரும்பினால் திருப்பியும் அனுப்பும். அத்தனை கட்டளைமொழி பேசுகிறவர்களும் வண்டியை நிறுத்த வேண்டிய இடத்தில் நம்மிடம்தான் கடன் வாங்குகிறார்கள்.

எஞ்சிய ஆட்சேபம் ஒன்றே. டயோடில் வண்டி சட்டென்று நிற்கிறது, பயணிகள் விழமாட்டார்களா என்பது. பயணிகள் பிளாஸ்டிக். இருக்கையோடு ஒட்டப்பட்டிருக்கிறார்கள்.

இனிப் புறனடை.

சொல்லா தொழிந்த கோளா றெல்லாம்
துடைத்த பின்னரும் தோன்றின் சொல்லுக.

‘துடைத்த’ என்றது தண்டவாளத்தையும் சக்கரத்தையும். எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் படிந்தால் எந்த மதத்தார் வண்டியும் நிற்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணி போதும். உப்புத்தாள் கூடாது, அது போட்ட கீறல்களில் அடுத்த அழுக்கு நிரந்தரமாகக் குடியேறும். ‘சொல்லுக’ என்றது யாரிடம் என்று நூற்பா கூறவில்லை. வீட்டாரிடம் என்பர் ஒரு சாரார். வீட்டார் சாப்பாட்டு மேசையைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கும் காலத்தில் அவ்வுரை பொருந்தாது.