காதலும் ஆமையும்

கேள்வி: சண்டை இல்லை, குத்துப்பாட்டு இல்லை. 'சில்லுக்கருப்பட்டி'யைப் போய் ஏன் இப்படித் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறீர்கள்?
– பெயர் வேண்டாம் என்ற வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: சண்டை இல்லையா? படத்தில் சமுத்திரக்கனி – சுனைனா தம்பதி வீட்டில் நடப்பதற்கு என்ன பெயராம்? அடி விழவில்லை, அவ்வளவுதான்!

ஹலீதா ஷமீம் இயக்கி 2019 டிசம்பரில் வந்த இந்தப் படத்தில் நான்கு காதல் கதைகள். எனக்குப் பிடித்தது 'காக்கா கடி'. மீம்ஸ் போட்டு ஊரைச் சிரிக்க வைக்கும் மணிகண்டனுக்குக் கல்யாண நேரத்தில் புற்றுநோய். அதுவும் வெளியே சொல்லக் கூசுகிற இடத்தில். ஷேர் டாக்சியில் பக்கத்து சீட்டில் நிவேதிதா சதீஷ். மரத்தைச் சுற்றி ஓட வழியில்லை. சென்னை டிராஃபிக்கில் வண்டியே ஓடவில்லை, காதல் மட்டும் நகர்கிறது. நோயைக் கேலி செய்கிறார்கள், நோயாளியை அல்ல. இந்த வித்தியாசம் தெரிந்த இயக்குநர்கள் நம்மிடம் குறைச்சல்.

உங்கள் ஊர்க்காரர்கள் பார்க்க வேண்டியது 'டர்ட்டில்ஸ்' கதை. முதிய வயதில் லீலா சாம்சனுக்கு ஒரு காதல், நடுவே கடலாமைகள். உங்கள் தேவனாம்பட்டினம் கரைக்கும் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றனவே! இனி அங்கே அறுபது தாண்டிய ஜோடி ராத்திரியில் டார்ச்சோடு நடந்தால் வேவு பார்க்காதீர்கள். ஆமைக்காகவும் இருக்கலாம்.