மட்டாஞ்சேரிப் பட்சணச் சுழற்சி: பெயர் வெட்டிய பாத்திரங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

இவ்வாய்வு ஒரு தொலைபேசி அழைப்பில் தொடங்கியது. நியூ ஜெர்சியில் இருக்கும் அண்ணன் மகள், "அத்தை, நாளைக்கு எங்க வீட்டுல குக்கி எக்ஸ்சேஞ்ச் பார்ட்டி" என்றாள். ஆளுக்கு ஒரே வகை பிஸ்கட்டை ஐந்தாறு டஜன் சுட்டுக்கொண்டு வருவார்களாம். மேசையில் பரப்பிவைத்து, எல்லாரும் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்களாம். "அப்ப யார் தட்டு யார்கிட்ட இருக்கும்?" என்று கேட்டேன். அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. ஆய்வின் தேவை அங்கேதான் பிறந்தது.

முதலில் சொல்லாராய்ச்சி. 'குக்கி' என்பது எங்கள் ஊர் 'கொச்சி'யின் திரிபே என்று நிறுவ இரண்டு நாள் முயன்றேன். சகரம் ககரமானதற்கு விதிகூடத் தயாராக இருந்தது. அகராதிதான் ஒத்துழைக்கவில்லை. குக்கி டச்சு மொழியின் 'கூக்யே', சின்னக் கேக் என்று பொருள். ஆனாலும் கொச்சியை அவ்வளவு எளிதில் கழற்றிவிட முடியாது. டச்சுக்காரர்கள் போர்ச்சுகீசியரிடமிருந்து கொச்சியைப் பிடித்தது 1663இல். மறு வருஷமே அமெரிக்காவில் நியூ ஆம்ஸ்டர்டாமை ஆங்கிலேயரிடம் பறிகொடுத்தார்கள். ஊர் நியூயார்க் ஆனது, சொல் அங்கேயே தங்கிக் குக்கி ஆனது. இலங்கையில் அதே சொல்தான் 'கொக்கிஸ்' ஆனது என்பார்கள். பூ அச்சை அரிசி மாவில் தோய்த்து எண்ணெயில் பொரிக்கும் பலகாரம், சித்திரைப் புத்தாண்டுக்குச் சிங்கள வீடுகளில் கட்டாயம். தமிழ்நாட்டில் அதன் உடன்பிறப்பு அச்சு முறுக்கு, கொச்சியில் அச்சப்பம்.

1795 வரை, 132 வருஷம் இங்கே இருந்துவிட்டு டச்சுக்காரர்கள் விட்டுப்போனவற்றில் 'புரூடர்' என்ற உலர்திராட்சை ரொட்டி ஒன்று. மற்றொன்று மட்டாஞ்சேரி அரண்மனையின் பெயர். போர்ச்சுகீசியர் கட்டிக் கொச்சி ராஜாவுக்குக் கொடுத்ததை இவர்கள் பழுதுபார்த்தார்கள், அது டச்சு அரண்மனை ஆகிவிட்டது. அடுத்தவர் பாத்திரத்தில் தன் பெயரை வெட்டிக்கொள்வதில் இவர்களே நம் ஊருக்கு முன்னோடிகள் என்பது என் துணிபு.

இனி ஆய்வுக்களம். எங்கள் சந்தில் தமிழ் வீடு, குஜராத்தி வீடு, கொங்கணி வீடு, கட்ச்சி மேமன் வீடு, லத்தீன் கத்தோலிக்கச் சேச்சி வீடு எல்லாம் ஒரே கழிவுநீர்க் கால்வாயைப் பகிர்ந்துகொள்கின்றன. தீபாவளி, பெருநாள், கிறிஸ்துமஸ் என்று வருஷம் முழுக்க மூடிய தட்டுகள் போய்வரும். இவற்றில் ஆய்வாளரைக் குழப்புவது சோமாசி. நாம் சோமாசி என்பதைக் குஜராத்திகள் கூக்ரா என்கிறார்கள், கொங்கணிகள் நெவ்ரி என்கிறார்கள். பூரணம் கொஞ்சம் மாறும், பிறை ஒன்றுதான். தீபாவளியன்று மூன்று வீடுகளும் ஒன்றுக்கொன்று பிறைகளை அனுப்பி, பதிலுக்குப் பிறைகளைப் பெற்றுக்கொள்கின்றன. பொருளாதார நோக்கில் இதற்கு விளக்கமே இல்லை.

போக்குவரத்து விதிகள் கடுமையானவை. சேச்சி வீட்டுக் குழலப்பத்தில் பூண்டும் சின்ன உள்ளியும் உண்டு. ஆகவே அது சமணரான குஜராத்தி வீட்டு வாசலுக்குள் நுழையாது. அச்சப்பத்தில் முட்டை சேர்ந்தால் அதற்கும் அங்கே தடை. எங்கள் ரிப்பன் பக்கோடாவும் பூண்டு வாசனையில் பிடிபட்டு ஒருமுறை வாசலோடு திரும்பியது. தேன்குழலுக்கு மட்டும் எல்லா எல்லைகளிலும் அனுமதி.

இந்தத் தேன்குழலின் பங்காளியான முள்ளுமுறுக்குதான் இவ்வாய்வின் முதன்மைச் சான்று. என் முறுக்கு நாழியின் நட்சத்திர வில்லையில் ஒரு முள் மழுங்கிவிட்டது. அதனால் என் முறுக்கில் ஒரு பக்கம் மட்டும் வழவழவென்று ஒரு கோடு ஓடும். போன தீபாவளிக்கு மறுநாள் அதில் பத்து, கொங்கணி வீட்டுக்குப் போயின. நான்காம் நாள் மேமன் வீட்டுப் பெண் ஒரு தட்டைக் கொண்டுவந்து, "எங்க உம்மா சுட்டது" என்று நீட்டினாள். தேங்காய்ப் பிஸ்கட்டுக்கு அடியில் மூன்று முறுக்கு. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். கோடு இருந்தது. இரண்டு வீடு கடந்து வந்ததில் நமத்துப் போயிருந்தது, அவ்வளவுதான்.

நியூகினிக்குக் கிழக்கே உள்ள தீவுகளில் சிவப்புச் சிப்பி மாலைகள் வலம்சுற்றியும் வெள்ளைச் சிப்பிக் காப்புகள் இடம்சுற்றியும் ஆண்டுக்கணக்கில் கைமாறிக்கொண்டே இருப்பதை மலினோவ்ஸ்கி 1922இல் நூலாக எழுதிப் புகழ் பெற்றார். அதற்காகக் கடல் கடந்து போனார், பாவம். கொடுப்பது, வாங்குவது, திருப்பிக் கொடுப்பது என்று மூன்று கடமைகளை 1925இல் வகுத்தவர் மார்செல் மோஸ். கொடுத்தவர் கண்முன்னே தின்னாமல் இருப்பது என்ற நான்காவதை அவர் எப்படித் தவறவிட்டார் என்று தெரியவில்லை. தட்டைக் காலியாகத் திருப்பக் கூடாது என்பது ஐந்தாவது. வீட்டில் ஒன்றுமே இல்லையென்றால் ஒரு பிடி சர்க்கரையாவது போட வேண்டும். அந்தச் சர்க்கரைக்கு அவர்கள் பதில் செய்வார்கள். அதற்கு நாம். என் அலமாரியில் அடுத்தவர் பெயர் வெட்டிய எவர்சில்வர் தட்டு ஆறு இருக்கிறது. என் பெயர் வெட்டியது எங்கெங்கே இருக்கிறதோ!

ஒப்பீட்டுக்காகப் போன டிசம்பரில் நானே நியூ ஜெர்சி முறையில் ஒரு விருந்து நடத்தினேன். ஏழு வீட்டுக்காரர்கள் வந்தார்கள். மேசையில் பரப்பினோம், அவரவர் டப்பாவில் அவரவர் பங்கை எடுத்தார்கள், தேநீர் குடித்தார்கள், ஆறரைக்குக் கிளம்பிவிட்டார்கள். அன்றைக்கே கணக்கு நேராகிவிட்டது. அடுத்த ஒன்பது நாள் ஒருத்தரும் என் கதவைத் தட்டவில்லை. தட்டுவதற்குக் காரணம் இருந்தால்தானே?

ஒரு டப்பா மட்டும் மேசைக்கடியில் கிடந்தது. மூடி லேசாக நசுங்கியது, பெயர் இல்லாதது. பத்தாம் நாள் அதில் ரவா லாடு போட்டுக்கொண்டு உரியவரைத் தேடிக் கிளம்பினேன். குஜராத்தி வீட்டில், "இது ஞங்ஙளுடெ அல்லல்லோ, சேச்சி" என்றாள் மருமகள். லாடை எடுத்துக்கொண்டு, வந்தவளை வெறுங்கையோடு அனுப்பலாமா என்று சக்கர்பாரா போட்டாள். கொங்கணி வீட்டிலும் அவர்களுடையது இல்லை. சக்கர்பாரா போய் வாழைக்காய் வறுவல் வந்தது. ஏழு வீட்டிலும் இல்லை என்றார்கள். கடைசியில் சேச்சி திணித்த அச்சப்பத்தால் மூடி மூடவில்லை. இடுப்பில் ஒரு கையால் அழுத்திப் பிடித்தபடி வீட்டுக்கு வந்தேன். டப்பா என் அடுக்களையில்தான் இருக்கிறது. யாருடையது என்று விசாரிக்க அடுத்த வாரம் மறுபடி போக வேண்டும்.