உத்திரத்தில் ஏறுமா ரோபோ?

கேள்வி: இரும்புக் கட்டுமானத்தில் வெல்டர், ஃபிட்டர் வேலையை ரோபோ பறித்துவிடுமா? (சிதம்பரம் வாசகர்)

பதில்: பட்டறைக்குள் பறிப்பு எப்போதோ தொடங்கிவிட்டது. வரைபடத்தைக் கணினியிலிருந்து வாங்கி உத்திரத்தை அறுப்பதும் துளையிடுவதும் சிஎன்சி இயந்திரங்கள்தான். ஆஸ்திரியாவின் ஸெமான் நிறுவன இயந்திரம் துண்டுகளைப் பொருத்தி, வெல்டும் வைத்துவிடுகிறது. டீ கேட்காது, தீபாவளி போனஸும் கேட்காது.

வெளியே வந்தால் கதை வேறு. புதிய பாம்பன் பாலத்தின் 72.5 மீட்டர் தூக்குப் பகுதியைக் கடல்மேல் நகர்த்திப் பொருத்த 2024-ல் மாதக்கணக்கில் ஆனது. பாதை வளைவு, காற்றோ பாம்பன் காற்று.

கடலூரையே பாருங்கள். நாகார்ஜுனா எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை எழும்பிக்கொண்டிருந்தபோதுதான் 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறியது. சேதமடைந்த கட்டுமானத்தில் எந்த இரும்பை முதலில் அறுத்தால் எது யார் தலையில் விழும் என்று பார்த்துச் சொல்பவர் பாரம் தூக்கி இறக்குவதில் அனுபவமுள்ள ரிக்கர். ஒன்றைப்போல் இன்னொன்று வளைந்திருக்காது. ரோபோவுக்குப் பிடித்ததோ ஒரே மாதிரியான வேலை.

ஆகவே முதலில் கவலைப்பட வேண்டியவர், பட்டறையில் நாள் முழுக்க ஒரே நேர்க்கோட்டு வெல்டு வைப்பவர்.

வெளியேயும் ரோபோ வராமல் இல்லை: ஜப்பானின் ஷிமிஸு நிறுவனம் கட்டுமானத் தளத்திலேயே தூண்களை வெல்டு செய்யும் ரோபோவை இறக்கியிருக்கிறது. கடலூர் முதுநகர் உப்புக்காற்றில் அதைத் துடைத்து எண்ணெய் போட ஒரு ஆள் வேண்டுமே, அவருக்குச் சம்பளம் எவ்வளவு?